உப்புப் பிடித்த மைக்றோமீற்றர்

எங்கள் கராஜில் புதிதாகச் சேருபவர்கள் வாசிப்பதற்கு ஏதாவது எழுதித் தரும்படி பொறுப்பாளர் கௌசல்யா மிஸ் என்னிடம் கேட்டார். என் அனுபவத்துக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்து அன்றைக்கே எழுதுவதற்கு ஒரு கொப்பி வாங்கிவிட்டேன். வாங்கிய பிறகுதான் அவர் மிச்சத்தைச் சொன்னார்.

"நீங்கள் திருத்தின எஞ்சினுகளைப் பற்றி எழுத வேண்டாம் அண்ணை. அதுகளைத்தான் நாங்கள் தேத்தண்ணி நேரமெல்லாம் கேட்டனாங்களே. டொக்டற்ற காரைப் பற்றி எழுதுங்கோ."

கொப்பியைத் திருப்பிக் கொடுக்க ஏலாது. ஆகவே எழுதுகிறேன்.

என் பெயர் தவராசா. திருகோணமலை உட்துறைமுகப் பக்கம் வாகன எஞ்சின், வள்ள எஞ்சின், ஜெனரேட்டர் என்று எது வந்தாலும் கழற்றிப் பூட்டியே காலம் போயிற்று. வேலை பழகியது பிரச்சினைக் காலத்தில், யுத்தம் நடந்தபோது. உதிரிப்பாகம் கிடைக்காது, பழையதைக் கழுவித் திரும்பப் பூட்டிவிட்டுக் கடவுளைக் கும்பிடுவோம். பிறகு ஆறு வருடம் டோஹாவில். அங்கே எல்லாப் பாகமும் புதிதாகக் கிடைத்ததால் ஒன்றும் பழகவில்லை. ஆனால் திரும்பி வரும்போது என்னைப் பற்றிய என் அபிப்பிராயம் நன்றாக உயர்ந்திருந்தது.

அந்த உயரத்தில் இருந்த நாட்களில் நடந்த ஒன்றைச் சொன்னால் என்னைப் புரிந்துகொள்வீர்கள். சாம்பல்தீவு முதலாளி ஒருவரின் வள்ளம் கொட்பே மீன்பிடித் துறையில் நின்றது. எஞ்சின் போட்டால் கடகடவென்று ஒரு சத்தம். நான் திருப்புளியின் முனையை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். அப்படிச் செய்தால் பார்ப்பவர்கள் பேசாமல் நிற்பார்கள். "டீசல் பம்ப் போயிட்டுது" என்று தீர்ப்புச் சொன்னேன். வள்ளத்துச் சமையல்காரர் மெதுவாகக் குனிந்து எஞ்சின் மூடிக்குப் பின்னால் இருந்த கேத்திலை எடுத்தார். சத்தம் நின்றுவிட்டது. இதற்குப் பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

கௌசல்யா மிஸ் எங்கள் கராஜுக்குப் பொறுப்பாக வந்தபோது எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அவருக்கு முப்பதுதான் இருக்கும். திரியாய் ஊர்ப் பிள்ளை. கப்பல் திருத்துகிற இடமொன்றில் வேலை செய்துவிட்டு வந்தவர். சத்தம் போடமாட்டார், யாரையும் பிழை என்று சொல்லமாட்டார். பழுதான பாகத்தை ஒரு வெள்ளைத் துணியில் வைத்து, அதைக் கண்டது கண்டபடி சொல்லச் சொல்லுவார். நாங்கள் காரணத்தைச் சொல்லத் தொடங்கினால், நேரம் கேட்பது போன்ற குரலில் ஒரு கேள்வி வரும்.

"அது எப்பிடித் தெரியும்?"

அந்தக் கேள்விக்கு நான் வைத்திருந்த ஒரே பதில் "அனுபவம், மிஸ்." அவர் மறுக்கமாட்டார். தன் குறிப்புப் புத்தகத்தில் "அனுபவம்" என்று எழுதிவிட்டு, பக்கத்தில் கொஞ்சம் வெற்றிடம் விடுவார். அந்த வெற்றிடம் எனக்குத் தரும் மரியாதை என்று வெகு காலம் நினைத்திருந்தேன்.

வாகன இறக்குமதி நின்றுபோய், ஆட்கள் பழைய கார்களைத் தேடிப் பிடித்து உயிர் கொடுத்த காலம் அது. நகரத்தில் பல் வைத்தியம் செய்யும் டொக்டர் சிவரூபன் கொழும்பிலிருந்து ஒரு ஜப்பான் காரை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார். தாழ்வான, சிவப்பான, இரண்டு கதவுக் கார். எஞ்சின் இறுகிப்போயிருந்தது. மூடியைத் திறந்தவுடன் மிஸ் "ரோட்டரி" என்றார்.

ரோட்டரி எஞ்சினில் மேலும் கீழும் போகிற பிஸ்டன் கிடையாது. மூன்று மூலை வைத்த இரும்புப் பணிஸ் ரொட்டி போல இரண்டு ரோட்டர்கள், ஒரு ஷாஃப்டின் மேல் சுழலும். ரோட்டருக்கும் ஷாஃப்டுக்கும் நடுவில் மெல்லிய வளையமாகப் பெயாரிங். பெயாரிங்குக்கும் ஷாஃப்டுக்கும் நடுவில் தலைமயிர் தடிப்புக்கு எண்ணெய். அந்த எண்ணெய் குறைந்தாலும் அழுக்கானாலும் பெயாரிங் தேய்ந்து எஞ்சின் போய்விடும்.

"உங்களுக்கு இது பழக்கமோ அண்ணை?" என்று டொக்டர் கேட்டார்.

டோஹாவில் ஒரு ரோட்டரி எஞ்சினை ஆறடி தூரத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

"ஓம் டொக்டர். உதெல்லாம் நான் கையாண்ட சாமான்தான்."

கழற்றினேன். பெயாரிங்குகள் தேய்ந்து செம்பு தெரிந்தது. புதியவை வருவித்தோம். ஷாஃப்டைப் பாலத்துக்கு அந்தப் பக்கம், கடலோரக் கிண்ணியாவில் லேத் பட்டறை வைத்திருக்கும் அன்சாரிடம் அளந்து மினுக்கக் கொடுத்தேன். இந்தப் பகுதியில் ஷாஃப்ட் வேலைக்கு அவரை விட்டால் ஆளில்லை. பதினைந்து வருடமாக எங்கள் வேலையெல்லாம் அவருக்குத்தான். மயிரிழை வித்தியாசத்தையும் காட்டுகிற மைக்றோமீற்றரால் அளந்த கணக்கை ஒரு தாளில் எழுதி ஷாஃப்டோடு அனுப்பினார். நான் அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் பூட்டினேன். எஞ்சின் முதல் திருப்பிலேயே பிடித்தது. டொக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்று வீட்டுக்கு நேர்வழியால் போகாமல், தெரிந்தவர்கள் இருக்கிற வழியால் போனேன்.

மூன்று கிழமையில் டொக்டர் போன் எடுத்தார்.

"ஒண்டுமில்லை அண்ணை. சின்னச் சத்தம்தான்."

அவரிடம் நான் கடைவாய்ப் பல் பிடுங்கியிருக்கிறேன். அவர் "சின்ன" என்றால் எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

வடித்த எண்ணெய் மீன் செதில் கலந்தது போல் மினுங்கியது. திரும்பவும் பெயாரிங். மிஸ் அதை வெள்ளைத் துணியில் வைத்தார்.

"சொல்லுங்கோ அண்ணை."

"தேஞ்சிருக்கு."

"சுத்திவரக் கோடு கோடா இருக்கே, அது என்ன?"

"ஓடேக்குள்ள விழுறதுதான், மிஸ்."

"அது எப்பிடித் தெரியும்?"

"அனுபவம்."

அவர் எழுதினார். வெற்றிடம் விட்டார். நகரத்துக்குள் திரிகிற மான்களில் ஒன்று முற்றத்தில் நின்று பெயாரிங் வந்த மட்டைப் பெட்டியைத் தின்றுகொண்டிருந்தது. அதற்குக்கூட என்னைவிடக் கவலை இருந்திருக்கும்.

இரண்டாவது முறை எல்லாவற்றையும் கழுவினேன். எஞ்சினுக்கு முன்னால் எண்ணெயைக் குளிராக்கும் கூலர் ஒன்று இருக்கும். அதற்குள்ளும் மண்ணெண்ணெய் ஊற்றி, தெளிவாக வரும் வரை கழுவினேன். பூட்டி, முற்றத்தில் ஒரு மணித்தியாலம் ஓடவிட்டு, எண்ணெய் ஃபில்ட்டரைக் கழற்றி இரண்டாக அறுத்துப் பார்த்தேன். ஒரு துகள் இல்லை. மிஸ்ஸுக்கும் பெருமையாகக் காட்டினேன். எண்ணெய் சுத்தம் என்று நிரூபணமாகிவிட்டது.

நான்கு கிழமை. நிலாவெளி றோட்டில் கார் நின்றுவிட்டது.

இப்போது என் தர்க்கத்தைக் கேளுங்கள். எண்ணெய் சுத்தம். பெயாரிங் புதியது. பூட்டியது நான், ஆகவே அதில் பிழை வர வழியில்லை. மிச்சம் இருப்பது ஷாஃப்டின் அளவு. அதை அளந்தவர் அன்சார்.

அடுத்த நாள் காலை பத்து மணித் தேநீருக்குக் கடைக்குப் போனேன். லொறிக்காரர், வள்ளக்காரர், கராஜ்காரர் எல்லோரும் கூடுகிற இடம். "டொக்டற்ற கார் திரும்பவும் படுத்திட்டுதாமே?" என்று ஒருவர் சிரித்துக்கொண்டு கேட்டார். நான் கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னேன்:

"என்ன செய்யிறது? கிண்ணியாவில மைக்றோமீற்றருக்கும் உப்புப் பிடிச்சிட்டுது."

கடை முழுக்கச் சிரித்தது. என் வாழ்க்கையில் நான் சொன்ன பகிடிகளில் அவ்வளவு நன்றாக எடுபட்டது வேறொன்றில்லை. நானும் அதைப் பிறகு இரண்டு மூன்று இடத்தில் சொன்னேன். ஒரு கிழமைக்குள் அது பாலத்தைக் கடந்து கிண்ணியாவுக்குப் போய்விட்டது. அன்சாருக்கு "உப்பு அன்சார்" என்று பெயர் விழுந்தது.

அன்சார் ஒரு நாள் கராஜுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. படலையடியில் நின்று, தான் எழுதிய அளவுத் தாளின் நகலை நீட்டினார்.

"இது நான் அளந்தது, தவண்ணன். நீங்க அளந்தீங்களா?"

எங்களிடமும் மைக்றோமீற்றர் இருந்தது. நல்ல பெட்டியில் வைத்து அலுமாரியில் பூட்டியிருந்தேன்.

"எனக்கு நேரம் கிடைக்கேல்ல."

"சிரிக்கிறதுக்குக் கிடைச்சிருக்கே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு எங்கள் கராஜ் வேலையை அவர் எடுக்கவில்லை. அவரிடம் கொடுத்துவந்த லொறிக்காரர் இரண்டு பேரும் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அப்போது அது எனக்கு என் பக்கத்து நியாயமாகவே தெரிந்தது.

மூன்றாவது முறை பூட்டுவதற்கு முன் ஷாஃப்டைக் கொழும்புக்கு அனுப்பினேன். பெரிய இடம். அச்சடித்த தாளில் அளவு வந்தது. அன்சார் கையால் எழுதிய அதே எண்கள், அதே வரிசையில். மிஸ் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து என்னைப் பார்த்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் பதில் சொன்னேன்: "சில வேளை ரெண்டு பேருக்கும் ஒரே பிழை வரலாம், மிஸ்."

இந்த வசனத்தை நான் சொன்னேன் என்பதை இன்றைக்கு என்னாலேயே நம்ப ஏலாமல் இருக்கிறது.

பூட்டிப் பன்னிரண்டு நாள். இந்த முறை டொக்டர் போன் எடுக்காமல் ஓட்டோவில் நேரே வந்தார். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"அண்ணை, மினக்கெட்டது காணும். வேற எஞ்சின் ஏதும் போடுவம். சில பல்லைக் காப்பாத்த ஏலாது."

அவர் போன பிறகு நான் கழற்றிய ரோட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். முப்பது வருடத்தில் முதல் தடவையாக, எனக்கு இந்தத் தொழில் தெரியுமோ என்று ஒரு பயம் வந்தது. மிஸ் ஒரு கதிரையை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தார்.

"அண்ணை, பெயாரிங்கை விடுங்கோ. எண்ணெய் போற வழியை எனக்கு விரலால தொட்டுக் காட்டுங்கோ. சும்மா சொல்லக் கூடாது. தொட வேணும்."

சின்னப் பிள்ளைக்குப் பாடம் கேட்பது போல் இருந்தது. வேறு நாளென்றால் எழும்பிப் போயிருப்பேன். அன்று எழும்புவதற்கும் தெம்பில்லை. கழற்றிய பாகங்களைக் குழாய்களோடு அந்தந்த இடத்தில் வைத்து, காருக்குக் கீழே ஒரு விளக்கைக் கட்டிவிட்டுத் தொடங்கினேன்.

"இது எண்ணெய்த் தொட்டி."

"கழுவினது ஆர்?"

"நான். கையை விட்டுத் துடைச்சனான்."

"அடுத்தது?"

"பம்ப். புதுசு."

"அடுத்தது?"

"பம்பில இருந்து கூலருக்குப் போகும். கூலரால ஃபில்ட்டருக்கு. அங்கயிருந்து பெயாரிங்."

"தொடுங்கோ."

பம்பிலிருந்து வருகிற குழாயைப் பிடித்தேன். விரலை அதன்மேல் வைத்துக்கொண்டே போனேன். கூலரில் போய் முட்ட வேண்டிய விரல் ஃபில்ட்டரில் போய் முட்டியது. திரும்பத் தொடங்கினேன். திரும்பவும் ஃபில்ட்டர். இந்தக் காரை முன்பு வைத்திருந்த யாரோ ஃபில்ட்டரை இடம் மாற்றிக் குழாய் வழியைத் திருப்பியிருந்தார். எண்ணெய் முதலில் ஃபில்ட்டருக்குப் போய், பிறகு கூலருக்குப் போய், அங்கிருந்து இடையில் ஒரு தடையும் இல்லாமல் பெயாரிங்குக்குப் போய்க்கொண்டிருந்தது. மூன்று முறை அந்தக் குழாய்களை நானே கழற்றி நானே பூட்டியிருக்கிறேன். கை பூட்டியது, கண் டோஹாவில் இருந்தது.

"அப்ப நீங்கள் அறுத்துப் பாத்த ஃபில்ட்டர் கூலருக்கு முன்னால இருந்தது" என்றார் மிஸ்.

"ஓம். எண்டாலும் கூலர் கழுவினது, மிஸ்."

"அது எப்பிடித் தெரியும்?"

வாயில் வந்த சொல்லை விழுங்கினேன். "மண்ணெண்ணெய் தெளிவா வந்தது."

"எந்த வழியால வந்தது?"

கூலரைக் கழற்றி மேசையில் வைத்துப் பார்த்தோம். அதன் ஒரு மூலையில் சூட்டுக்குத் திறக்கிற ஒரு சின்னக் கதவு இருந்தது. எண்ணெய் குளிர்ந்திருக்கும்போது கதவு உள் மடிப்புகளுக்கு விடாது. வந்த எண்ணெயைக் குறுக்கு வழியால் வெளியே அனுப்பிவிடும். நன்றாகச் சூடேறினால்தான் உள்ளே எல்லா மடிப்புக்கும் போக விடும். நான் ஊற்றிய சூடில்லாத மண்ணெண்ணெய் குறுக்கு வழியால் போய், குறுக்கு வழியால் வந்து, என்னிடம் நல்ல சாட்சி சொல்லியிருக்கிறது. முற்றத்தில் சும்மா நின்று ஓடிய எஞ்சினிலும் அந்தக் கதவு சரியாகத் திறந்திராது. டொக்டர் நிலாவெளி வெயிலில் நன்றாக ஓட்டும்போது மாத்திரம் திறக்கும்.

மிஸ் கூலரைப் பெரிய தகரத் தாச்சியில் வைத்துக் கொதிதண்ணீரை ஊற்றச் சொன்னார். கதவு திறக்கும் வரை காத்திருந்தோம். பிறகு எண்ணெய் வழமையாக வெளியே வருகிற வாயில் குழாயைப் பொருத்தி, எதிர்ப்பக்கமாக மண்ணெண்ணெயை அடித்தேன். வெள்ளைத் துணியை விரித்த தட்டு கீழே இருந்தது.

முதலில் கறுப்பாக வந்தது. பிறகு மினுங்கத் தொடங்கியது. செம்பும் ஈயமுமாக, தேய்ந்த பெயாரிங்குகளின் தூள். டொக்டர் வாங்குவதற்கு முன்பே, இந்த எஞ்சின் இறுகியபோது சேர்ந்த குப்பை அது. நான் பூட்டிய ஒவ்வொரு புதுப் பெயாரிங்குக்கும் கூலர் அதில் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டியிருக்கிறது. அந்தக் கோடு கோடான கீறல்கள் இதுதான். துணி மினுங்கிக்கொண்டே இருந்தது.

மிஸ் குறிப்புப் புத்தகத்தை எடுத்து, பழைய பக்கத்தைத் திருப்பி, நான் "அனுபவம்" என்று சொன்ன இடத்துக்குப் பக்கத்து வெற்றிடத்தில் "கூலர்" என்று எழுதினார். அந்த வெற்றிடம் எதற்கு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

எனக்கு வெட்கம் வந்தது. ஆனால் வெட்கத்துக்கு முன்னால் வந்தது அன்சாரின் முகம்.

புதுக் கூலர் போட்டு, குழாய் வழியைத் திருத்தி, ஷாஃப்டை நானே எட்டு இடத்தில் அளந்து நாலாம் முறை பூட்டினோம். டொக்டர் மூன்று மாதம் ஓட்டிய பிறகு ஃபில்ட்டரை அறுத்துப் பார்த்தோம்; சுத்தம். இன்றைக்கும் அந்தக் கார் ஓடுகிறது. ஆனால் அந்த மூன்று மாதம் முடியும் வரை நான் காத்திருக்கவில்லை. கூலர் கழுவிய மறுநாளே கிண்ணியாவுக்கு பஸ் ஏறினேன்.

அன்சார் லேத்தில் நின்றார். என்னைக் கண்டும் மெஷினை நிறுத்தவில்லை. நான் சத்தத்துக்கு மேலால் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது: பிழை என்னுடையது, உங்கள் அளவு சரி, கூலரை நான் கழுவவில்லை. அவர் ஷாஃப்ட் முடியும் வரை கடைந்துவிட்டு நிறுத்தினார்.

"ரெண்டு மாசமா நான் காலைல வந்தா முதல் வேலை மைக்றோமீற்றரைச் சரிபார்க்கிறது" என்றார். "அளவுக் கட்டையில வச்சி. ஒரு தரம் இல்ல, மூணு தரம். பதினைஞ்சு வருசம் செய்யாத வேலை. சரியாத்தான் இரிக்கும். ஆனாலும் மனசு கேக்கிதில்ல."

கையைத் துணியால் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"எங்க வச்சிச் சொன்னீங்க அதை?"

"தேத்தண்ணிக் கடையில."

"அப்ப இஞ்ச வந்து சொல்லி என்ன பிரயோசனம்?"

அடுத்த நாள் பத்து மணிக்குக் கடையில் எழும்பி நின்று எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கு வழிக் கதவு வரைக்கும் விளக்கமாகச் சொன்னேன். முதல் பகிடியைவிட இது நன்றாக எடுபட்டது. சிரித்து ஓய்ந்த பிறகு ஒரு லொறிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அப்ப உப்பு அன்சார் சரியாத்தான் அளந்திருக்கிறார், என்ன?"

பெயரை மட்டும் என்னால் திருப்பி எடுக்க முடியவில்லை. இப்போதும் சிலர் அப்படித்தான் சொல்லுகிறார்கள்.

அன்சாரிடம் போய் அதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் எங்கள் வேலையைத் திரும்ப எடுப்பதாகச் சொன்னார்; ஒரு நிபந்தனை. ஒவ்வொரு ஷாஃப்டுக்கும் ஒரு தாள். இடது பக்கம் அவருடைய அளவு. வலது பக்கம் வெறுமையாக இருக்கும். நான் அங்கேயே நின்று, அவருடைய மைக்றோமீற்றரால் அளந்து, வலது பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வைத்தால்தான் சாமானைத் தருவார். வேறு எந்த வாடிக்கையாளருக்கும் அந்தத் தாள் கிடையாது. ஓய்வு பெறும் வரைக்கும் மழையோ வெயிலோ கிண்ணியாவுக்குப் போய்க் கையெழுத்து வைத்தேன். ஒரு நாளும் இரண்டு பக்கமும் வேறுபட்டதில்லை.

ஒரே ஒரு நாளைத் தவிர. அது என் கடைசிக் கிழமை. வள்ள எஞ்சின் ஒன்றின் ஷாஃப்ட். அளந்தேன், எழுதினேன், கையெழுத்தும் வைத்தேன். அன்சார் தாளை வாங்கிப் பார்த்தார். என் அளவு அவருடையதைவிட இரண்டு கோடு குறைவு. அவர் தன் கண்ணாடியைக் கழற்றி, சாரத்து நுனியால் துடைத்து, என்னிடம் நீட்டினார்.

போட்டுக்கொண்டு திரும்ப அளந்தேன். அவர் எழுதியதுதான் சரி. என் எண்ணை வெட்டி, திருத்தி எழுதி, பக்கத்தில் இன்னொரு கையெழுத்து வைத்தேன். அன்சார் தாளை மடித்து ஷாஃப்டோடு சேர்த்துக் கட்டினார்.

"பயப்பிடாதீங்க தவண்ணன்" என்றார். "தேத்தண்ணிக் கடையில சொல்ல மாட்டன்."